மனச்சோர்வு: மனநல ஓ.பி. வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போதும், பார்த்துவிட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வரும்போதும் மக்கள் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் 100-க்கு 85 பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். நோய் தொடங்கிய நாளுக்கும் ஓ.பி. சீட்டு போடும் நாளுக்கும் நடுவில் வீணாகும் மாதங்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த மாதங்கள் கொஞ்சமாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், மற்றதை விட்டுவிட்டு 18-வது கேள்விக்குப் போங்கள்.

1. கவலை எல்லாருக்கும்தானே இருக்கு? இதுல எது நோய்னு எப்படிச் சொல்றது?

கவலை வரும், போகும். துக்க வீட்டில்கூட யாராவது பழைய கதை ஒன்றைச் சொன்னால் சிரிப்பு வரும், பசித்தால் இரண்டு வாய் இறங்கும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. குறைந்தது இரண்டு வாரமாவது, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும். அல்லது முன்பு ஆசையாகச் செய்த எதிலும் மனம் ஒட்டாது. இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். கூடவே தூக்கம் கெடும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, மறுபடி தூங்க முடியாமல் கிடப்பதாகப் பலர் சொல்வார்கள். பசி மாறும். அசதி, கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மந்தமாவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, செய்யாத தப்புக்கும் குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் என்று வரிசையாகச் சேரும். இப்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்து, வேலையோ படிப்போ வீட்டு நடப்போ அதனால் கெட்டுப்போனால் அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பி.ஹெச்.க்யூ-9 என்று ஒரு படிவம் உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்த எண்ணை மட்டும் வைத்து நீங்களாக நோயை முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

2. எனக்கு அழுகையே வரல. தலைவலி, வயித்தெரிச்சல், உடம்பு பூரா வலி. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கிறாங்க. என்னை எதுக்கு இங்க அனுப்பினாங்க?

பொது மருத்துவம், வயிறு, நரம்பு, இருதயம் என்று நான்கு வாசல் ஏறி இறங்கி, தடித்த ஃபைலோடு கடைசியாக எங்களிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். 'உடம்பு காந்துது', 'நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு', 'கை கால் ஓய்ஞ்சு போச்சு' என்பார்கள். 'மனசு சரியில்லை' என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். உங்கள் வலி பொய் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. மனச்சோர்வில் வலியைத் தாங்கும் சக்தியே குறைகிறது, தூக்கம் போவதால் உடம்பு ஓய்வெடுப்பதில்லை, குடலின் வேலையும் மாறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி-12 குறைவு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள் ஆகியவையும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே காட்டும். அதனால்தான் மனநல டாக்டரும் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

3. எங்க வீட்ல ஒரு குறையும் இல்ல. இவளுக்கு ஏன் வரணும்?

குறை இருக்கிற வீட்டுக்குத்தான் வரும் என்று கணக்கு இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்திருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. சிறுவயதில் அடி, இழப்பு, அவமானம் கண்டவர்களுக்குக் கூடுகிறது. நீண்ட நாள் நோய், கடன், வேலை போனது, வீட்டுக்குள் வன்முறை எல்லாம் சேரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது உலகம் முழுக்கக் காணப்படுகிறது. சிலருக்கு இவற்றில் எதையுமே சுட்டிக்காட்ட முடியாது.

'மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது' என்று எளிதாகச் சொல்லிவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. ஒற்றை ரசாயனக் குறைவுதான் காரணம் என்று ஆராய்ச்சிகள் நிரூபிக்கவில்லை. மருந்து வேலை செய்வது உண்மை, நோய் வரும் வழி பல என்பதும் உண்மை. 'குறையில்லாத வீட்டில் எப்படி' என்ற கேள்வியை நோயாளியின் காதில் விழும்படி கேட்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதையே அவர் தனக்குள் நூறு முறை கேட்டுக் கூனிக் குறுகியிருப்பார்.

4. எழுந்து நாலு வேலை செஞ்சா எல்லாம் பறந்துபோயிடும். சோம்பேறித்தனத்துக்கு நோய்னு பேர் வைக்கிறீங்களா?

சோம்பேறிக்கு வேலை செய்யாமல் இருப்பது சுகமாக இருக்கும். இவர்களுக்கு அது நரகம். ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அரிசி டப்பாவைத் திறந்துட்டு நிக்கிறேன். எத்தனை டம்ளர் போடணும்னு தெரியல. இருபது வருஷமா போடற அளவுதான். உள்ள டம்ளர் கிடக்கு, கை போகல. மாமியார் வந்து டப்பாவை மூடற வரைக்கும் அங்கேயேதான் நின்னேன்." அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் மாவு புளித்து நுரை தள்ளியிருந்தது, மாற்றுச் சேலை மடிக்காமல் நாற்காலியில் குவிந்திருந்தது, தலை வாரி நான்கு நாள் ஆகியிருந்தது. ஊர் இதைத்தான் சோம்பல் என்றது.

முடிவெடுப்பது, தொடங்குவது, அடுத்த அடியை நினைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும் இந்த நோய் பிடித்துக்கொள்கிறது. வேலை செய்வது குணமாக உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 11-வது பதிலில் சொல்கிறேன்.

5. சைக்காட்ரிஸ்டா, சைக்காலஜிஸ்டா? யார்கிட்ட போறது?

சைக்காட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர். நோயை உறுதி செய்வார், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்துப் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். 'கவுன்சிலர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் படிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

முதலில் யாரிடம் போனாலும் சரி, போவதுதான் முக்கியம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நின்றுபோன அளவுக்கு இருந்தாலோ, சாகும் எண்ணம் இருந்தாலோ நேராக டாக்டரிடம் போங்கள்.

6. உள்ள போனா என்ன பண்ணுவாங்க? கரண்ட் வச்சிடுவாங்களா?

பேசுவார்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடிப் பழக்கம் உண்டா, சாகத் தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். உங்களைத் தனியாகவும், கூட வந்தவரைத் தனியாகவும் பார்ப்பதுண்டு. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்திருக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. மனச்சோர்வோடு வருகிற பெரும்பாலானவர்கள் அன்றே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

கரண்ட் சிகிச்சை பற்றி 20-வது பதிலில் விரிவாக இருக்கிறது. முதல் நாள் யாரையும் பிடித்துக் கட்டிப்போட்டுக் கொடுக்கிற விஷயம் அல்ல அது.

7. எவ்வளவு செலவாகும்?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட கிழமைகளில் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயத்திலேயே பலர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். அந்த ஓ.பி.க்கு தூக்கம் வராதவர்களும் பரீட்சைப் பயத்தில் இருப்பவர்களும்கூட வருகிறார்கள்.

நேரில் போக முடியாவிட்டால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் 1926-ஐ அழைக்கலாம்.

8. அந்த மாத்திரை போட்டா அடிமையாயிடுவோமாமே?

இந்த பயத்துக்குக் காரணம் இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். மனச்சோர்வுக்கு அதிகம் எழுதப்படுபவை ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை. இவற்றுக்கு ஏக்கம் வராது, போகப் போக அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றாது. திடீரென்று நிறுத்தினால் மட்டும் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுரீர் என்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் சில நாள் வரலாம். அதனால் டாக்டர் சொல்கிற மாதிரி மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அல்ப்ராஸோலம், குளோனஸிபம் மாதிரியான தூக்க மாத்திரைகள், பதற்ற மாத்திரைகள் வேறு. அவற்றுக்குப் பழக்கம் பிடித்துக்கொள்ளும் ஆபத்து நிஜமாகவே உண்டு. டாக்டர் கொடுத்தாலும் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வருடக் கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், குறைப்பதற்கு வழி இருக்கிறது. நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

9. பத்து நாளா போடறேன். ஒண்ணும் தெரியல, வயித்தைப் புரட்டறதுதான் மிச்சம். விட்டுடவா?

விட்டுவிடாதீர்கள். இந்த மருந்துகளின் கெடுதல் முதலில் வரும், நன்மை பிறகு வரும். குமட்டல், தலைவலி, ஒருவிதப் படபடப்பு எல்லாம் முதல் வாரத்தில் வந்து, பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் அடங்குகிறது. மனத்தில் மாற்றம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பல நேரம் தூக்கமும் பசியும் முன்னால் திரும்பும், மனம் கடைசியில் வரும். 'அவர் இப்போ ரெண்டு இட்லி கூடச் சாப்பிடறார்' என்று வீட்டார்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

தாம்பத்திய ஆசை குறைவது பலருக்கு நேர்கிறது. வெட்கப்பட்டு அதைச் சொல்லாமல் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் அமைதியின்மையோ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கண்வைத்திருக்க வேண்டும். கூடினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் வாருங்கள்.

10. இப்ப நல்லா இருக்கேன். இன்னும் எதுக்கு மாத்திரை?

முழுசாகத் தெளிந்த பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். முன்பும் வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க மாட்டோம் அல்லவா, அப்படித்தான் இதுவும். தெளிந்த மாதமே நிறுத்திவிட்டு, மூன்றாம் மாதம் முதலில் வந்ததைவிட மோசமான நிலையில் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எப்போது, எப்படி நிறுத்துவது என்பது டாக்டரோடு உட்கார்ந்து போட வேண்டிய திட்டம். அப்போது 8-வது பதிலில் சொன்னபடி மெல்லக் குறைப்பார்கள்.

11. மாத்திரை இல்லாம யோகா, வாக்கிங், கவுன்சிலிங்னு சரி பண்ண முடியாதா?

லேசான மனச்சோர்வுக்கு முடியும். அந்த நிலையில் டாக்டர்களே பேச்சு வழிச் சிகிச்சையை முதலில் சொல்வதுண்டு. நடுத்தர நிலையில் மருந்தும் பேச்சும் இரண்டுமே பலன் தருபவை, சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. கடுமையாகிவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. சித்த, ஆயுர்வேத மருந்து எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.

அப்புறம், 4-வது பதிலில் சொன்ன அந்த முறை. மனம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. சின்ன வேலையை முதலில் செய்ய, கொஞ்சம் கொஞ்சமாக மனம் பின்னால் வரும். வேலை எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். 'நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்' என்று தொடங்கினால் இரண்டாம் நாளே நின்று, 'இதுகூட முடியல' என்று இன்னும் சரிவார்கள். 'ஏழு மணிக்கு எழுந்து முகம் கழுவி வாசல்வரை வருவது' போதும், அந்த வாரத்துக்கு. அடுத்த வாரம் தெருமுனை வரை. முன்பு பிடித்த ஒரு காரியம் தினமும் ஒன்று, பத்து நிமிடம். ரசித்தாலும் ரசிக்காவிட்டாலும் செய்துவிட்டுத் தாளில் ஒரு டிக். அரிசி டப்பா முன் நின்ற அந்த அம்மாவுக்கு எங்கள் சைக்காலஜிஸ்ட் கொடுத்த முதல் வேலை, காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான்.

12. யாரோ செய்வினை வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. மந்திரிச்சுட்டு அப்புறம் வரலாமா?

'அப்புறம்' வேண்டாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. பிரார்த்தனை பலரைத் தாங்கிப் பிடிப்பதைக் கண்ணாரப் பார்க்கிறேன். மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். ஏர்வாடி தர்காவிலேயே துஆ என்ற பிரார்த்தனையோடு மருந்தும் என்று அரசு மனநலக் குழு வேலை செய்திருக்கிறது.

அங்கே அது வருவதற்கு முன் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய கொட்டகைக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். நோயாளியைக் கட்டிவைப்பது, சாட்டையால் அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டமும் தடைசெய்திருக்கிறது.

13. ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்க.

ஆகாது. புது இடம், புது மனிதர்கள், எதிர்பார்ப்பு, தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து நோயைக் கூட்டவே செய்யும். மாத்திரையை மறைத்துப் போட வேண்டி வந்து, நிறுத்தி, நோய் திரும்புகிறது. பழி மருமகள் மேலோ மாப்பிள்ளை மேலோ விழுகிறது. முதலில் சிகிச்சை, தெளிவு. பிறகு அவருக்கே விருப்பம் இருந்தால், சம்பந்தம் பேசும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கல்யாணம். மனச்சோர்விலிருந்து மீண்டு நல்ல குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

14. பையன் பத்தாவது படிக்கிறான். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். வயசுக் கோளாறுதானே?

இருக்கலாம். ஆனால் இந்த வயதில் மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாக வருவதுண்டு. நண்பர்களையும் விட்டுவிட்டானா, விளையாட்டை நிறுத்திவிட்டானா, மதிப்பெண் சரசரவென்று இறங்கியதா, ராத்திரி தூங்குகிறானா என்று பாருங்கள். வீட்டில் மட்டும் கத்திவிட்டு வெளியில் நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறான் என்றால் அவ்வளவாகப் பயம் வேண்டாம். எல்லா இடத்திலும் ஒதுங்குகிறான் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனைப் பிடுங்குவது இதற்கு மருந்து ஆகாது.

15. குழந்தை பிறந்து ஒரு மாசம். பொண்ணு குழந்தையைத் தூக்கவே மாட்டேங்கிறா. திமிரா?

திமிர் இல்லை. பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் வருகிற அழுகையும் படபடப்பும் பலருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் துரத்தும், 'நான் நல்ல அம்மா இல்லை' என்று அரிக்கும். எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் படிவம் தமிழிலும் இருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே கேட்டுப் பார்க்கலாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, செர்ட்ராலின் அப்படிப்பட்ட ஒன்று.

காதில் குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள், இரண்டு மூன்று நாளாகத் தூக்கமே இல்லாமல் பரபரக்கிறாள் என்றால் அது வேறு, அவசர நிலை. அன்றைக்கே மருத்துவமனை. தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

16. வீட்டுக்காரர் கவலையில குடிக்கிறாரா, குடிச்சு குடிச்சு இப்படி ஆயிட்டாரா?

இரண்டுமே நடக்கும், ஒன்று மற்றொன்றை வளர்க்கும். குடி அந்த நேரத்துக்கு மரத்துப்போகச் செய்யும், மறுநாள் மனத்தை இன்னும் கீழே இழுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், மாத்திரையை வேலை செய்ய விடாது. குடியை நிறுத்திச் சில வாரம் கழிந்த பிறகும் சோர்வு நின்றால் அது தனி நோய் என்று தெளிவாகும். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆண்களில் பலர் 'மனசு சரியில்ல' என்று வருவதில்லை, குடிப் பிரச்சினை என்ற பெயரில்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

17. அம்மாவுக்கு எழுபது வயசு. எல்லாம் மறந்துபோகுது. வயசானா அப்படித்தானே?

முதியவர்களின் மனச்சோர்வு மறதி போலவே வேஷம் போடும். மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் தன் மறதியை உணர மாட்டார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் 'எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, என்னை விட்டுடு' என்று முயற்சியே செய்யாமல் கைவிடுவார். சில வாரங்களுக்குள் வேகமாக இப்படி ஆகியிருப்பார். இது கல்லில் எழுதிய விதி இல்லை, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மனச்சோர்வுதான் என்றால் சிகிச்சையில் அந்த மறதி பெருமளவு திரும்பிவிடும். அதனால் வயது என்று ஒதுக்கிவிடாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

18. 'நான் போயிடறேன், உங்களுக்கு நிம்மதி'ன்னு சொல்றார். அதைப் பத்திக் கேட்டா, நாமே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா?

ஆகாது. நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. பல பேருக்கு அது, ஒருவழியாகச் சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல். "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் 'ஆமாம்' என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், பிள்ளைகளைக் காட்டி அழ வைக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. நான் உன்கூடவே இருக்கேன். சேர்ந்து போய் டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். 'சொல்றவன் செய்ய மாட்டான்' என்பது உண்மை இல்லை.

அன்றைக்கே வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள் அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். சாகும் துடிப்பு பலருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்புகிறது. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்ததில், அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முயற்சியைச் சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் செய்து பார்த்தார்கள். அதுவும் நல்ல பலன் தந்தது.

இரவு நேரமானால் 14416. மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108, அருகில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

19. போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல...

இந்த பயத்தால் போன உயிர்கள் உண்டு, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். உயிரை விட முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்புத் தருவது அரசின் கடமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. முன்பு குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரை மிரட்டுவதற்காகச் செய்யும் முயற்சி மட்டும் அதில் தனிக் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒருவர் வந்து விவரம் கேட்கலாம். அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

20. ரெண்டு மருந்து மாத்தியாச்சு. இன்னும் எழுந்திரிக்கல. இவருக்கு அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் மருந்திலேயே முழுசாகத் தெளிகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அளவைக் கூட்ட, மாற்ற, இன்னொன்றைச் சேர்க்க வேண்டி வரும். அதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். மாத்திரை தினமும் உள்ளே போனதா? சொன்ன வாரங்கள் முடிந்தனவா? குடி இருக்கிறதா? தைராய்டு பார்த்தாயிற்றா? முன்பு எப்போதாவது சில நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிப் பேசி, காசைத் தண்ணீராகச் செலவழித்து, உலகையே வெல்கிற மாதிரி இருந்தாரா? இந்தக் கடைசி விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மறுகோடிக்குத் தள்ளிவிடும்; சிகிச்சை வேறு.

சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலை, சாகும் எண்ணம் உச்சத்தில் இருக்கும் நிலை, மருந்துக்கு மசியாத நிலை ஆகியவற்றுக்குத்தான் மின் அதிர்வு சிகிச்சையைச் சொல்வார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத் தூங்கவைத்துத்தான் செய்ய வேண்டும், அவை இல்லாமல் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு தடவை. சிகிச்சை நடந்த காலத்து நினைவுகள் சிலருக்கு மங்குகின்றன. பெரும்பாலும் திரும்புகின்றன, சிலருக்குச் சில இடைவெளிகள் நிற்கலாம். கடுமையான மனச்சோர்வுக்கு இதைப்போல வேகமாக வேலை செய்வது குறைவு. வாய் பேசாமல் ஸ்ட்ரெச்சரில் வந்தவர், மூன்றாம் தடவைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். சினிமாவில் காட்டியதை வைத்து இதை மறுக்காதீர்கள்.

21. ஆபீஸ்ல சொல்லணுமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

ஆபீசில் சொல்லும் கட்டாயம் பொதுவாக இல்லை. லீவுக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால் எவ்வளவு எழுத வேண்டும் என்று டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒரு மேலதிகாரி இருந்தால் சொல்வது உதவும், ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள், பிறகு கிளெய்ம் கேட்கும்போது அதுவே வினையாகும்.

22. நான் பார்த்துக்கறேன், ஆனா எனக்கே முடியல. அவர்கிட்ட என்ன பேசறதுன்னும் தெரியல.

நிறையப் பேச வேண்டாம். 'தைரியமா இரு', 'உன்னைவிடக் கஷ்டப்படறவங்களைப் பாரு' இரண்டையும் விட்டுவிடுங்கள். "இன்னைக்கு எப்படி இருக்கு? ரசம் சாதம் கொண்டு வரட்டுமா, தோசையா?" என்று சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரை நேரத்தையும் ஓ.பி. தேதியையும் நீங்கள் நினைவில் வையுங்கள். குணமாகும் காலத்தில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். ஒரு கெட்ட நாளைப் பார்த்துவிட்டு 'மறுபடி பழையபடி ஆயிட்டார்' என்று அவர் முன்னால் சொல்லாதீர்கள்.

அப்புறம் நீங்கள். கவனித்துக்கொள்கிறவரும் படுத்துவிடுவது நடக்கிறது. வாரத்தில் ஒரு பாதி நாளாவது அண்ணனோ நாத்தனாரோ வந்து இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபம் வந்தால் அது பாவமில்லை. 1-வது பதிலில் சொன்ன அறிகுறிகள் உங்களிடமே தெரிந்தால், அவருக்குச் சீட்டு போடும்போது உங்களுக்கும் ஒன்று போட்டுவிடுங்கள்.

23. திரும்ப வருமா?

வரலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருகிறது. இரண்டு, மூன்று முறை வந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடும், அவர்களுக்குத்தான் நீண்ட நாள் மருந்து. ஆனால் இரண்டாம் முறை உங்களுக்கு அதன் முகம் தெரியும், அதனால் முன்கூட்டியே பிடிக்கலாம்.

ஒவ்வொருவருக்கும் முதலில் தலைகாட்டும் அறிகுறி வேறு. ஒருவர் ஷேவ் செய்வதை விடுவார், இன்னொருவர் அக்காவின் போனை எடுக்க மாட்டார், வேறொருவருக்கு மூன்று மணி விழிப்பு. தெளிவாக இருக்கும்போதே வீட்டாரோடு உட்கார்ந்து உங்களுடையதை மூன்று வரியாக ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அதில் இரண்டு ஒரு வாரம் தொடர்ந்து தெரிந்தால், மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் நிறுத்தாவிட்டாலும், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் ஓ.பி.க்கு வாருங்கள். பழைய சீட்டைக் கொண்டு வந்தால் என்ன மருந்து, எவ்வளவு அளவு கேட்டது என்பது தெரியும். முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.